முனெயோரியின் கணப்புச் சட்டி

முனெயோரி ஒரு பயந்தாங்கொள்ளி. இதை நான் சொல்லவில்லை, அவனே சொல்லிக்கொள்வான். ஜப்பானியப் பேரரசரின் அரண்மனையில் இசைக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே முப்பது வருஷம் வாத்தியம் வாசித்தவன் அவன். அவனுக்குத் தெரியாத மெட்டு கிடையாது, அவன் பயப்படாத நாளும் கிடையாது.

அவன் வாசித்தது ஷோ. உள்ளங்கை அகலக் கிண்ணத்தில் பதினேழு மெல்லிய மூங்கில் குழல்களை நட்டுவைத்தது போல இருக்கும். குழலின் அடியில் நகத்துணுக்கு அளவில் ஒரு வெண்கல நாக்கு. அதைத் தேன்மெழுகால் ஒட்டியிருப்பார்கள். மூச்சை வெளியே விட்டாலும் ஒலிக்கும், உள்ளே இழுத்தாலும் ஒலிக்கும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. குளிர்காலத்தில் மூச்சின் ஈரம் அந்த நாக்கில் படிந்தால் குழல் ஊமையாகிவிடும். அதனால் வாசிப்பதற்கு முன் கணப்புச் சட்டியின் தணலுக்கு மேல் வாத்தியத்தைத் திருப்பித் திருப்பி அனல் காட்ட வேண்டும். குறைவாகக் காட்டினால் ஈரம் நிற்கும். அதிகமாகக் காட்டினால் மெழுகு இளகிவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கூட்டிசையில் முதலில் எழுவது ஷோதான். அது கொடுக்கும் சுருதியில்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ஷோ தப்பினால் அத்தனை பேரும் தப்பு.

முனெயோரியின் குரு அரிமிச்சி. குருவுக்கு முப்பத்தொரு வயது, சீடனுக்கு ஐம்பது. அரிமிச்சியின் அப்பாதான் முதலில் குருவாக இருந்தார். அவர் போனதும் மகனைக் குருவாக ஏற்றுக்கொண்டான். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த பிள்ளையை “குருவே” என்று கூப்பிட முனெயோரிக்கு ஒரு நாளும் நாக்குக் கூசியதில்லை. அந்த விஷயத்தில் மட்டும் அவன் தைரியசாலி.

போன இலையுதிர் காலத்துச் செவ்வந்தி விருந்தில் முனெயோரியின் வாத்தியம் பாதியில் ஊமையானது. ஈரம். பக்கத்தில் ஹிசிரிக்கி என்ற சிறு குழலை வாசித்த சுகெகதா களுக்கென்று சிரித்துவிட்டான். இசைக்கூடத்து மேலதிகாரி சிரிக்கவில்லை.

“இன்னொரு தடவை இப்படி நடந்தால் பலகையில் உன் பெயர் இருக்காது” என்றார்.

அரண்மனைக் கூடத்துச் சுவரில் ஒரு பலகை தொங்கும். உள்ளே வர உரிமை உள்ளவர்களின் பெயர்களை அதில் எழுதியிருப்பார்கள். யாரையாவது விலக்கினால் கத்தியால் அந்தப் பெயரைச் சுரண்டிவிடுவார்கள். அதன் பிறகு அவன் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. முனெயோரியின் தாத்தா பெயர் அதில் இருந்தது, அப்பா பெயர் இருந்தது. தினமும் காலையில் உள்ளே வந்ததும் அவன் முதலில் பார்ப்பது அந்தப் பலகையைத்தான். விருந்துக்குப் பிறகு சாயங்காலமும் பார்க்க ஆரம்பித்தான்.

இந்த நேரம் பார்த்து, வருஷக் கடைசியில், அரிமிச்சியின் அம்மா இறந்துபோனார்.

சாவு விழுந்த வீட்டுக்காரர் மங்கல நிகழ்ச்சிகளுக்குப் போகக் கூடாது. புத்தாண்டின் மூன்றாம் நாளோ பேரரசர் தன் தாயாரின் மாளிகைக்குப் போய் வணங்கும் நாள். இசையும் நடனமும் அங்கே உண்டு. முதல் ஷோ அரிமிச்சியுடையது. அவர் வர முடியாது என்றால் அடுத்து யார்?

முனெயோரிதான்.

ஓடிப்போய்க் குருவின் தோட்டத்தில் நின்றான். நின்றான் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. தீட்டு வீட்டில் நின்றுகொண்டு பேசினால் பாதகமில்லை. உட்கார்ந்துவிட்டால் வந்தவனுக்கும் தீட்டு. அப்புறம் முப்பது நாள் அவனும் அரண்மனைப் பக்கம் தலைகாட்ட முடியாது. அதனால் குரு மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், சீடன் படிக்குக் கீழே பனியில் நின்றான்.

“குருவே, என்னால் முடியாது. வேறு யாரையாவது சொல்லுங்கள்.”

“யாரை?”

முனெயோரி யோசித்தான். யாரும் இல்லை.

“உங்களுக்குப் பயமே வராதா, குருவே?”

முனெயோரி பனியில் கால் மாற்றி நின்றான்.

“பயம் எப்போது போகும் என்று உங்கள் அப்பாவிடமும் கேட்டிருக்கிறேன். அவர் சிரிப்பார். நீங்கள் சிரிக்கக்கூட மாட்டேன் என்கிறீர்கள்.”

“வாத்தியத்துக்கு எவ்வளவு நேரம் அனல் காட்டுகிறீர்கள்?”

“நிறைய நேரம்.”

“போதுமான நேரம் காட்டுங்கள்.”

“போதும் என்று எப்படித் தெரியும்?”

“கன்னத்தில் வைத்துப் பாருங்கள்.”

“வைத்துத்தான் பார்க்கிறேன். போதாது போலவே இருக்கிறது.”

“கன்னத்துக்கா, உங்களுக்கா?”

முனெயோரி கிளம்பிப் போனான். மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். கேட்டதையே கேட்டான். குருவும் சொன்னதையே சொன்னார்.

புத்தாண்டின் மூன்றாம் நாள் விடிந்தது. தாயார் மாளிகையின் குளக்கரையில் இசைக்காரர்களுக்குக் கூடாரம் போட்டிருந்தார்கள். கூடாரத்தில் கணப்பு இருந்தது. ஆனாலும் முனெயோரி வீட்டிலிருந்து தன் கணப்புச் சட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தான். மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து அனல் காட்ட ஆரம்பித்துவிட்டான். திருப்புவான், கன்னத்தில் வைப்பான், மறுபடியும் தணலுக்கு மேலே கொண்டுபோவான்.

“என்ன முனெயோரி, அதை வாசிக்கப் போகிறாயா, வறுத்துத் தின்னப் போகிறாயா?” என்றான் சுகெகதா.

எல்லோரும் சிரித்தார்கள். முனெயோரியும் சிரித்தான். கை மட்டும் திருப்புவதை நிறுத்தவில்லை.

அப்போது ஒரு சேவகன் வந்து சொன்னான். நேர்த்தெரு இருக்கும் திசை இன்று ஆகாது என்று ஜோசியர்கள் கணித்துவிட்டார்களாம். ஊர்வலம் ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறதாம். இன்னும் ஐந்து நாழிகையாவது ஆகும்.

மற்றவர்களுக்கு நிம்மதி. ஒருவர் படுத்தார், இருவர் தாயம் உருட்ட உட்கார்ந்தார்கள். முனெயோரிக்கு மட்டும் இல்லை. ஐந்து நாழிகையில் வாத்தியம் எவ்வளவு குளிர்ந்துபோகும்! புதிதாக நாலு கரித்துண்டு போட்டு, குனிந்து ஊதினான்.

கொஞ்ச நேரத்தில் வாத்தியத்துக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அரிசி ஒன்று கிண்ணத்தில் விழுந்த மாதிரி.

முனெயோரி சுற்றிலும் பார்த்தான், யாரும் கவனிக்கவில்லை. வாத்தியத்தை வாயில் வைத்து, சத்தம் வெளியே போகாதபடி மெதுவாக ஒவ்வொரு குழலாகப் பார்த்தான். கியோ என்ற குழல் வாயைத் திறக்கவில்லை. மெழுகு இளகி நாக்கு உதிர்ந்துவிட்டது. கியோ இல்லாமல் முதல் சுருதியே கிடையாது.

கணப்புச் சட்டியை ஒரு கையில் எடுத்தான், வாத்தியத்தை மறு கையில் எடுத்தான்.

“எங்கே கிளம்பிவிட்டாய்?” என்று சுகெகதா கேட்டான்.

“வயிறு சரியில்லை.”

“அதற்குக் கணப்பு எதற்கு?”

அதற்குப் பதில் சொல்ல முனெயோரி அங்கே இல்லை.

தலைநகரின் தெருக்களில் அன்று ஒரு வேடிக்கை. விழாக்கால உடையில், தொப்பி ஒரு பக்கம் சரிய, கையில் புகையும் சட்டியோடு ஒரு ஐம்பது வயதுக்காரர் பனியில் ஓடுகிறார். அந்தக் காலத்தில் தொப்பி விழுந்தால் வேட்டி விழுந்த மாதிரி. அவன் தலையைச் சாய்த்துக்கொண்டே ஓடினான். ஒன்பது தெரு.

“குருவே! நாக்கு விழுந்துவிட்டது!”

தட்டிக்குப் பின்னால் துணி சரசரத்தது.

“எந்தக் குழல்?”

“கியோ.”

முனெயோரி வாத்தியத்தைத் தட்டிக்கு நேராக நீட்டினான்.

“ஒட்டிக் கொடுங்கள், குருவே. உங்கள் கையால் ஒரு நிமிஷ வேலை.”

“என் கை பட்டால் அதுவும் தீட்டு. அரண்மனைக்காரர்கள் முன்னால் கொண்டுபோகக் கூடாது.”

“உங்கள் வாத்தியத்தைக் கொடுங்கள்.”

“அது இருபத்து நாலு நாளாக இந்த வீட்டுக்குள் இருக்கிறது.”

“யாருக்குத் தெரியப்போகிறது!”

“உங்களுக்குத் தெரியும். தீட்டுப்பட்ட வாத்தியத்தைப் பேரரசர் முன்னால் வாயில் வைப்பீர்களா?”

முனெயோரி நினைத்துப் பார்த்தான். வைத்த மறுகணமே செத்துவிடுவான்.

“உங்கள் மடியில் பெட்டி இருக்குமே” என்றார் குரு.

இருந்தது. ஒவ்வொரு ஷோக்காரனிடமும் ஒரு சிறு பெட்டி உண்டு. உள்ளே ஓர் ஊசி, ஒரு சின்னக் கத்தி, ஓர் உருண்டை மெழுகு. முப்பது வருஷத்துக்கு முன்னால் அரிமிச்சியின் அப்பா கொடுத்தது. அன்று கட்டிய நூல் முடிச்சை முனெயோரி இதுவரை அவிழ்த்ததில்லை. சுருதி கொஞ்சம் பிசகினாலும் குருவிடம் கொண்டுவருவான். முதலில் அப்பாவிடம், பிறகு மகனிடம். “உங்கள் கை பட்டால்தான் எனக்கு நிம்மதி” என்பான்.

“நானா? எனக்குத் தெரியாதே!”

“முப்பது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்களே.”

“பார்த்தேன். பயத்தோடு பார்த்தேன்.”

“பார்த்தீர்கள் அல்லவா? அது போதும். முடிச்சை அவிழுங்கள்.”

முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்தான். உட்காரக் கூடாது, அதனால் கணப்புச் சட்டியைப் பனியில் வைத்தான், பெட்டியைப் பிளம் மரத்தின் கவட்டையில் வைத்தான்.

“குழலை உருவுங்கள்.”

“உருவிவிட்டேன்.”

“கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டுங்கள்.”

நாக்கு அவன் உள்ளங்கையில் விழுந்தது. அங்கிருந்து நழுவிப் பனியில் விழுந்தது.

“ஐயோ!”

“என்ன ஆயிற்று?”

“கீழே விழுந்துவிட்டது! காணவில்லை!”

முனெயோரி குனிந்து இரண்டு கையாலும் பனியை அள்ளி அள்ளிச் சலித்தான். விழாவுக்காக மனைவி மூன்று மாதம் தைத்த உடையின் கைப்பகுதி சேறாகிப்போனது. கடைசியில் அது அவன் காலணிக்குப் பக்கத்திலேயே பளபளத்தது. எடுத்துத் துடைத்தபோது அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

“கிடைத்துவிட்டது, குருவே.”

“ஊசியைத் தணலில் வையுங்கள்.”

“எவ்வளவு நேரம்?”

“போதுமான நேரம்.”

“இது விளையாட்டு இல்லை, குருவே!”

“நான் விளையாடவில்லை.”

ஊசி சிவந்தால் மெழுகு புகைந்துவிடும். ஆறினால் ஒட்டாது. முனெயோரி ஊசியைத் தணலில் வைத்தான், எடுத்தான், கன்னத்தருகே கொண்டுபோனான். வெதுவெதுப்புதான். மறுபடியும் வைத்தான். கன்னத்தருகே கொண்டுவந்தபோது தோல் சுருக்கென்றது.

“போதும்” என்றான்.

தட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொன்னதை அவனே கவனித்திருக்க மாட்டான். ஊசி நுனியால் மெழுகைத் தொட்டு, நாக்கின் விளிம்பில் இழுத்து, குழலின் அடியில் ஒட்டினான். நாக்கின் மேலே ஒரு துளி மெழுகு வைத்தான். அந்தத் துளிதான் சுருதி. அது கூடினால் ஒலி தாழும், குறைந்தால் உயரும். ஒத்துப் பார்க்க வேறு வாத்தியம் இல்லை. காதுதான் துணை.

செருகினான், ஊதினான்.

“சரியா, குருவே?”

பதில் இல்லை.

“தாழ்ந்திருக்கிறது, இல்லையா?”

பதில் இல்லை.

ஊசியால் மெழுகை ஒரு தூசு அளவு சுரண்டி எடுத்தான். மறுபடியும் ஊதினான்.

“இப்போது?”

தட்டி அசையவில்லை.

“குருவே, ஒரு வார்த்தை சொல்லுங்கள். ‘உம்’ என்றாவது சொல்லுங்கள்! பெயரைச் சுரண்டிவிடுவார்கள். தாத்தா பெயருக்குக் கீழே வெறும் மரம்தான் இருக்கும். சரியா, தப்பா?”

ஒன்றும் வரவில்லை. இன்னும் ஒரு தூசு சுரண்டினான். ஊதினான், உறிஞ்சினான். கொஞ்சம் கூடிவிட்டதோ? இல்லை, சரிதானோ? முன்பு எப்படி இருந்தது என்பதே மறந்துவிட்டது போல இருந்தது.

அப்போது தூரத்துத் தெருவில் ஊர்வலத்தின் முன்னோடிகள் வழிவிடச் சொல்லிக் கூவும் குரல் கேட்டது.

முனெயோரி வாத்தியத்தைச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான். கணப்புச் சட்டி தோட்டத்திலேயே கிடந்தது.

குளக்கரையில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். சேறான கையோடு அவன் போய் முதல் இடத்தில் உட்கார்ந்ததும் சுகெகதா ஒரு பார்வை பார்த்தான். பேசுவதற்கு நேரமில்லை. பேரரசர் வந்து அமர்ந்துவிட்டார். மேலதிகாரி விசிறியைத் தாழ்த்தினார்.

முனெயோரி வாத்தியத்தைக் கன்னத்தில் வைத்தான். நெஞ்சின் சூடு அதில் இருந்தது. வாயில் வைத்து ஊதினான்.

கியோ எழுந்தது.

ஒரு இழை உயர்ந்து எழுந்ததோ? அவனுக்குத் தெரியவில்லை. மூச்சை உள்ளே இழுத்தான். ஒலித்தது. சுகெகதா புருவத்தை உயர்த்தினான், ஒரு கணம் தயங்கினான், பிறகு தன் குழலை உதட்டில் வைத்து அந்தச் சுருதியிலேயே வந்து சேர்ந்தான். பின்னாலேயே புல்லாங்குழல் வந்தது. பிறகு மற்றவர்கள். அத்தனை பேரும் முனெயோரி ஒட்டிய ஒரு துளி மெழுகின் மேல் நின்றார்கள். நடனக்காரர்கள் மேடையேறினார்கள், ஆடி இறங்கினார்கள். எதுவும் ஊமையாகவில்லை.

முடிந்ததும் மேலதிகாரி ஒன்றும் சொல்லாமல் கடந்துபோனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் அதுதான் பாராட்டு.

சுகெகதா மட்டும் பக்கத்தில் வந்து, “இன்றைக்குச் சுருதி என்னவோ பளிச்சென்று இருந்தது” என்றான்.

அது பாராட்டா, குத்தலா? முனெயோரி ராத்திரி முழுக்க அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

மறுநாள் காலையில் அரண்மனைக்குப் போனான். பலகையில் பெயர் இருந்தது. கிட்டே போய் இன்னொரு தடவை பார்த்தான். இருந்தது. அங்கிருந்து நேராகக் குருவின் வீட்டுக்கு வந்தான்.

அவனுடைய கணப்புச் சட்டி விட்ட இடத்திலேயே இருந்தது. உள்ளே பனி நிறைந்து, கரி நனைந்து கிடந்தது.

“குருவே, பெயர் இருக்கிறது.”

“நல்லது.”

“ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். நேற்று இங்கே கடைசியாக ஊதினேனே, அது சரியா, உயர்ந்திருந்ததா?”

“தெரியாது.”

“உங்களுக்கா தெரியாது? உங்களுக்குத் தெரியாத சுருதி உண்டா! இதோ, பத்தடி தூரத்தில் நின்றுதானே ஊதினேன்?”

“காதைப் பொத்திக்கொண்டிருந்தேன்.”

முனெயோரி நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“மன்னித்துவிடுங்கள், குருவே. துக்கத்தில் இருப்பவர்கள் வாத்தியம் கேட்கக் கூடாது. என் அவசரத்தில் அதை மறந்துவிட்டேன்.”

தட்டி மெதுவாகச் சுருண்டு உயர்ந்தது. இருபத்தைந்து நாளுக்குப் பிறகு முனெயோரி குருவின் முகத்தைப் பார்த்தான். கறுத்த சாம்பல் நிறத் துக்க உடையில், தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் முகமாக இருந்தது.

“அதற்காக இல்லை, முனெயோரி. நீங்கள் ஊசியை எடுத்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று ஒரே பயம். கேட்கத் தைரியம் வரவில்லை.”

முனெயோரி பனியில் நின்றபடி கொஞ்ச நேரம் குருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, படியேறிப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.